தவிட்டோடு பேரம் பேசப் போன மகனுக்கு

ராசா, அம்மா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ‘அனைவரும் க்ஷேமம்’ என்று உன் கார்டிலேயே எழுதிவிட்டாய். க்ஷேமமாக இருக்கிறவனை மறுபடியும் விசாரிப்பது மரியாதை இல்லை. அந்தக் கார்டைப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருப்பாய் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகவரிதான் இருந்தது. ‘கைக்குழந்தை வைகாசியில் தவறிவிட்டது. கோமதியையும் சின்னவனையும் ஆடித் தேருக்கு அனுப்பிவைக்கிறேன். அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம். பாப்பா மதுரைக்குப் போயிருக்கிறது என்று சின்னவனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லவும். அனைவரும் க்ஷேமம்.’ மொத்தமும் இவ்வளவுதான். சர்க்கார்கூட நம் தலையில் இதைவிட அதிகமாக வரி போடுகிறது. வைகாசியில் நடந்ததை ஆடியில் சொல்கிறாய், அதையும் தேருக்கு ஆள் அனுப்புகிற சாக்கில் சொல்கிறாய். தூத்துக்குடி உப்புக் கிடங்கில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன், பெற்றவளுக்கு எழுதும்போது மட்டும் உப்பே போடாமல் எழுதுகிறாய்.

வந்துசேர்ந்தார்கள். விருதுபட்டியிலிருந்து மோட்டாரில் வந்து, தலைமுடி எல்லாம் செம்மண்ணாக இறங்கினார்கள். சின்னவன் இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஆச்சி, இதுவா மதுரை?” இல்லை ராசா, இது ராஜபாளையம் என்றேன். “அப்ப மதுரைக்கு எப்பப் போவோம்?” என்றான். அன்றிலிருந்து தினமும் பல் விளக்கிவிடும்போது ஒருமுறை, சோறு ஊட்டும்போது ஒருமுறை கேட்கிறான். நான் என் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு தப்பிக்கிறேன். உன் பொண்டாட்டி கோமதி பெருக்கிய இடத்தையே பெருக்குகிறாள். பேச்சை எடுக்கவேண்டாம் என்று நீ எழுதியதால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், புளி கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். “அத்தை, பாப்பாவ எங்க வச்சாகன்னு கேட்டேன். அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போறேன்னுட்டாக.” கோது விழுந்த புளியை வடிகட்டுகிற மாதிரி அந்த வார்த்தையை வடிகட்டிச் சொன்னாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்போதுதான் எனக்கு உன்மேல் கோபம் மூக்குக்கு ஏறியது. ஏனென்றால் அந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதே வார்த்தை, அதே வறட்டுக் குரல். நீ எங்கிருந்து அதைக் கற்றாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிகிறதா என்றுதான் சந்தேகம்.

சீமை ராணி செத்துப்போனதாகத் தாலுகா கச்சேரியில் கொடியை இறக்கினார்களே, அந்த வருஷத்து ஆடி. உனக்கு ஐந்து வயது. எனக்கு இருபதுகூட முடியவில்லை. பாதிரியம்மா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த திமிரும், வயசுக்கு மீறின வாயும்தான் நான் கூமாப்பட்டியிலிருந்து கொண்டுவந்த சீதனம். உன் அத்தை மத்தியானம் அசந்து தூங்கினால் அவள் முந்தானையை அம்மிக் குழவியில் முடிந்துவைப்பேன். உன் அப்பாவைப் பார்க்க வருகிற பஞ்சு யாவாரிகளுக்கு மோரில் உப்புக்குப் பதில் படிகாரம் கரைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாயைக் குவித்துக்கொண்டு பேரம் பேசுகிற அழகைக் கதவிடுக்கில் பார்த்துச் சிரிப்பேன். உன் அப்பா சிரிக்கமாட்டார். திட்டவும் மாட்டார். அவர் பருத்தி ஏற்றி விருதுபட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர். மாட்டோடு பேசுவதோடு அன்றைய பேச்சு அவருக்குத் தீர்ந்துபோகும்.

அந்தப் பங்குனியில்தான் உன் தங்கச்சி போனாள். தவழ ஆரம்பித்திருந்தாள், காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். ஆண்டாள் என்று பெயர் வைத்திருந்தோம். உன்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் இரண்டு பேர் வந்தார்கள், உன் அப்பா வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. திரும்பி வந்து குளித்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். “அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற?” என்றார். பிறகு வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது. பையன் கேட்டால் கூமாப்பட்டியில் அம்மாச்சி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லவேண்டும். எனக்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். தெருவில் எதிரே வந்தவர்கள், “என்ன ஏட்டி, பூவும் வாசமுமா இருக்க?” என்றார்கள். அதற்குக்கூட நான் பதில் சொல்லக்கூடாது, சட்டம் அப்படி.

ஆடியில் அவருக்கு வண்டியின் இடப்பக்கம் பூட்ட ஒரு இடத்து மாடு தேவைப்பட்டது. வலத்து மாடு நன்றாக இருந்தது, இடத்து மாடு கால் தேய்ந்து நொண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும் என்பதால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். உன் அத்தை, அவள் மகள் பேச்சி, நீ, நான். பேச்சி உனக்கு இரண்டு வயது மூத்தவள், அதற்குள் ஊர்ப் பெரிய மனுஷி. போகிற வழியில் உன் அப்பாவை எப்படியாவது பேசவைப்பது என்று நான் தீர்மானித்திருந்தேன். மாசக்கணக்கில் அவர் வாய்ச்சொல் கேட்காமல் எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. வண்டி பூட்டும்போதே வலத்து மாட்டின் கழுத்துச் சலங்கை ஒவ்வொன்றிலும் பஞ்சைத் திணித்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் காதைச் சாய்த்தார். சத்தம் பாதிதான் வருகிறது. இறங்கிப் பார்த்தார். மாட்டின் கழுத்தைத் தடவினார், நுகத்தடியைப் பார்த்தார், ஏறினார். மறுபடி இறங்கினார். கடைசியில் சலங்கையைக் கையில் எடுத்துக் குலுக்கிவிட்டு, விரலை விட்டுப் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். நானும் பேச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். ஒரு வசவு, ஒரு முறைப்பு, ‘எவ செஞ்ச வேல இது’ என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்து மாட்டை ஓட்டினார். ராசா, புருஷன் திட்டவில்லையே என்று அழுத பொண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தோம். வீட்டில் ஒரு பெயரைச் சொல்லக்கூடாது என்று தடை போட்ட மனுஷன், அந்தப் பெயரை ஊரே கூப்பிடுகிற நாளில் எங்களை அங்கே கொண்டுவந்து இறக்கினார். ஆண்டாளுக்குத்தான் தேர், ஆண்டாளுக்குத்தான் பூ, வடம் பிடிக்கிறவன் தொண்டை கிழியக் கூப்பிடுவதும் ஆண்டாளைத்தான். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இதில் நீ வேறு. குடை ராட்டினம் சுற்றவேண்டும் என்றாய், சுற்றினாய். ஓலை ஊதல் வேண்டும் என்றாய், வாங்கிக் கொடுத்தேன், அதைப் பேச்சியின் காதில் ஊதினாய், அவள் பிடுங்கி மிதித்தாள். பொரி வேண்டும் என்றாய், வாங்கினால் சேவு வேண்டும் என்றாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கூட்டம் நெரிக்கிறது, ஒருத்தன் எருமையை ஓட்டிக்கொண்டு நடுவில் புகுந்தான், உன் அத்தை “ஏட்டி, புள்ளையப் பிடி, புள்ளையப் பிடி” என்று சொல்வதைத் தவிர வேறு ஒரு உதவியும் செய்யவில்லை. மாட்டுச் சந்தை மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்கு அப்பால் வெட்டவெளியில். பாதி வழியில் நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். நடக்கமாட்டேன் என்றாய். தூக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கினாய்.

அப்போதுதான் சொன்னேன். “நடக்கலேன்னா இரு. ஒன்னய இந்தச் சந்தையிலதான் தவிட்டுக்கு வாங்கினோம். திருப்பிக் கொடுத்துட்டு, சொன்ன பேச்சுக் கேக்குற புள்ளையா வேற ஒண்ணு வாங்கிக்கிடுதேன்.” இது நான் கண்டுபிடித்த பகடி இல்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததை இன்னொருத்தி கையில் கொடுத்து, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்குகிற மாதிரி திரும்ப வாங்குவார்கள். அதை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் சீண்டுவார்கள். என்னைச் சீண்டினார்கள், பேச்சியைச் சீண்டினார்கள். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, “எம்புட்டுத் தவிடு?” என்றாய்.

“ஒனக்கு ஒரு படியே அதிகம்” என்றாள் பேச்சி.

“பாப்பாவையும் தவிட்டுக்கா வாங்குனீக?” என்றாய் என்னிடம்.

உன் அத்தைதான், உன்னை நடக்கவைத்தால் போதும் என்று, “ஆமாலே, அவளுக்கு ரெண்டு படி, பொம்பளப் புள்ளைல்ல, வா வா” என்றாள். நீ விடுவிடுவென்று நடந்தாய். அந்தக் கூட்டத்தில் நீ நடந்த நடையைப் பார்த்து, பரவாயில்லை, நம் வாய் ஒரு காரியத்துக்காவது ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா அதற்குள் ஒரு காளையைப் பார்த்து வைத்திருந்தார். விற்கிறவர் தெலுங்கு பேசும் நாயக்கர். மாட்டுச் சந்தையில் பேரம் எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் அன்றுதான் நீ முதலில் பார்த்தாய். இரண்டு பேரும் வலது கையை நீட்டிக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடிப்பதுதான் விலை. இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ரூபாய், மடக்கினால் பாதி, உதறினால் முடியாது. வெளியே முகம் இரண்டும் சுவர் மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ உன் அப்பாவின் இடுப்புயரத்தில் நின்றுகொண்டு, அந்தத் துண்டு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். “அய்யா என்ன செய்யுதாக?” என்று கேட்டாய். “மாடு வாங்குதாக” என்றேன். “பேசாமயேவா?” என்றாய். “ஒங்கய்யாவுக்குன்னே கண்டுபிடிச்ச ஏவாரம்” என்றேன். உன் அத்தை என்னை முழங்கையால் இடித்தாள். நான் அவளோடு அதற்கு ஒரு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீ இல்லை.

அந்தச் செத்த நேரத்தை நான் எழுதப்போவதில்லை. ஒரு சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவளுக்கு எல்லாப் பிள்ளையும் முதுகுப்பக்கம் ஒரே மாதிரி இருக்கும், அது மட்டும் போதும். பேச்சிதான் கண்டுபிடித்தாள். எங்கள் வண்டிக்கு அடியில் மாட்டுக்குத் தவிடு வைத்திருந்த சாக்கு அவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து தரையில் ஒரு கோடு, தவிட்டுக் கோடு, வண்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. அதை ஒரு வெள்ளாடு நக்கிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. ஆட்டின் பின்னால் நான் ஓடினேன். அது போய் நின்ற இடம் ஒரு ராவுத்தரின் கடை. மாட்டுத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை ஒரு குவியல், பிண்ணாக்கு ஒரு அடுக்கு, நடுவில் உன்னைவிட உயரமாகத் தவிடு.

நீ ராவுத்தருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாய். இடது கையால் மடியைச் சேர்த்துப் பிடித்திருந்தாய், அதில் சிந்தியது போக மிச்சத் தவிடு. வலது கையை நீட்டி, அதன்மேல் உன் சின்னத் துண்டைப் போட்டிருந்தாய்.

“என்ன தம்பி, மாடு வேணுமா?” என்றார் ராவுத்தர்.

“மாடு வேண்டாம். துண்டுக்குள்ள கைய விடுங்க, சொல்லுதேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை விட்டார். “பெரிய ஏவாரியா இருக்கீரே! சரி, வெலயச் சொல்லும்.”

“இந்தா, ரெண்டு. ரெண்டு படி. எங்க அத்தை சொல்லிச்சு.”

“ரெண்டு படி எதுக்கு?”

“எங்க பாப்பாவுக்கு. ஆண்டாளுக்கு.”

“ஒங்க பாப்பா எங்க?”

“கூமாப்பட்டியில இருக்கான்னாக. அங்க இல்ல. அம்மாச்சி வீட்ல எல்லா எடத்துலயும் பாத்துட்டேன். நெல்லுக் குலுக்கைக்குப் பின்னாலகூடப் பாத்தேன்.” பிறகு நீ அந்தத் தவிட்டுக் குவியலை அண்ணாந்து பார்த்தாய். “இம்புட்டுத் தவிடு வச்சிருக்கீகளே, புள்ளைகள எங்க வச்சிருக்கீக? எல்லாத்தையும் வித்துட்டீகளா?”

யாரும் சிரிக்கவில்லை. ராவுத்தர் தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்த்தார். கேட்கவேண்டியதை எல்லாம் என் முகத்திலேயே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. துண்டுக்குள் இருந்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. நான் நினைத்தது இதுதான், ராசா: சித்திரையில் உன்னைக் கூமாப்பட்டிக்குக் கூட்டிப்போனபோது நீ ஓடி ஓடி விளையாடினாய் என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேனே, அது விளையாட்டு இல்லை. நீ தேடியிருக்கிறாய். அறை அறையாகத் தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டு, எங்களிடம் கேட்டால் பொய்தான் வரும் என்பதையும் தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

உன் அப்பா வந்துவிட்டார். வந்ததும் உன் தோளைப் பிடித்து இழுத்தார். மடித் தவிடு முழுவதும் கொட்டியது. ஆடு பாய்ந்து வந்தது. “வண்டிக்கு வாலே” என்றார். “நில்லுங்க” என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மண்ணில் உட்கார்ந்து உன்னை இழுத்து என் முட்டிக்கு நடுவில் நிறுத்திக்கொண்டேன்.

“ராசா, ஆண்டா கூமாப்பட்டிக்குப் போகல. செத்துப் போயிட்டா. பங்குனியிலயே செத்துப் போயிட்டா. எந்தச் சந்தையிலயும் கெடைக்கமாட்டா.”

நீ கொட்டிக்கிடந்த தவிட்டைப் பார்த்தாய். “கொறைச்சலா இருக்கா?” என்றாய்.

“இல்லய்யா. வண்டி வண்டியாக் கொடுத்தாலும் கெடைக்கமாட்டா.”

அப்புறம் அழுதோம். நீயும் நானும். பங்குனியிலிருந்து தேக்கிவைத்ததை அந்த மண்ணில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். ஆண்டா, ஆண்டா என்று வாய்விட்டு அழுதேன், அந்தப் பக்கம் தேரடியில் ஊர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் நான். ஒரு பூக்காரி குனிந்து, “புள்ளதான் கெடச்சிருச்சுல்ல தாயி, பொறவு எதுக்கு அழுவுத?” என்றாள். உன் அப்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நாலு பேரு பாக்காக” என்றார். “பாக்கட்டும்” என்றேன். அவர் என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். மாடு பேரம் பேசும்போது வைத்திருந்தாரே, அதே சுவர் முகம்.

திரும்பும்போது புது மாட்டை இடப்பக்கம் பூட்டி ஓட்டினார். நீ அவருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு கையில் கயிறு. இன்னொரு கையால் உன் கையைப் பிடித்து, தன் துண்டை எடுத்து இரண்டு கையின்மேலும் போட்டுக்கொண்டார். ராஜபாளையம் வரைக்கும் எடுக்கவில்லை. வண்டி நின்றதும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒங்கய்யா என்னலே சொன்னாக?” என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. அஞ்சு வெரலையும் சேத்துப் பிடிச்சாக. விடவேயில்ல” என்றாய். என்னவொரு அழகு என்று உன் அத்தை பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள். மகன்மேல் எவ்வளவு பாசம், சொல்லத் தெரியவில்லை பாவம் என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, இப்போதும் வருகிறது. அன்று மாட்டை அவிழ்க்க அவர் இறங்கினபோது நான் அவர் முன்னால் போய் நின்றேன். கையை நீட்டினேன். “எங் கையும் இருக்கு” என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பார்த்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு துண்டிலிருந்த தவிட்டை உதறி, தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த மனுஷனோடு வாழ்ந்தேன். நல்லவர். ஒரு நாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆண்டாளுக்குப் பிறகு பிள்ளை இல்லை என்று இன்னொருத்தியைப் பார்க்கச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பினார். எல்லாம் சரி. ஆனால் என் மகளை எங்கே வைத்தார் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். கூடப்போன இரண்டு பேரும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். இந்த ஊரில் எந்த ஓடைக்கரையைக் கடந்தாலும், எந்த வேலியடியில் செடி கொஞ்சம் பச்சையாக நின்றாலும், இதுவாக இருக்குமோ என்று என் கால் ஒரு தடவை தயங்கும். பக்கத்தில் நடக்கிறவர்கள் முள் குத்திவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ‘அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற?’ என்றால், என்ன செய்வேன், ஒரு கை மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். வேறென்ன செய்துவிடப்போகிறேன்? அதற்குக்கூடவா கொடுத்துவைக்கக்கூடாது?

இதைத்தான் நீ கோமதிக்குச் செய்கிறாய். சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டாய். உன் அப்பாவாவது உன் கையைப் பிடித்தார். நீ சின்னவன் கையைக்கூடப் பிடிக்கவில்லை, அவனை ஊருக்கு ஏற்றிவிட்டாய். உனக்குத் துக்கம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கார்டில் ‘தவறிவிட்டது’ என்கிற வார்த்தையில் உன் பேனா மை ஊறி நின்றிருக்கிறது, பார்த்தேன். அந்த மை எனக்குப் புரிகிறது. கோமதிக்கு எப்படிப் புரியும்? அவளுக்கு நீ காட்டியது சுவர். நேற்று அவள் சின்னவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் வழக்கம்போல் மதுரையைப் பற்றிக் கேட்டான். அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஒரு தாய் என்னிடம் உத்தரவு கேட்கிற மாதிரி பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. “அவன் அய்யா வந்து சொல்லுவான்” என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் காப்பாற்றுவது உன் பாடு.

தேருக்கு இவர்களை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போகிறேன். ராட்டினம் சுற்றுவான், ஊதல் கேட்பான், தரையில் உட்காருவான், எல்லாம் நடக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எந்தத் தீவனக் கடையிலும் இவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அதற்கு முன்னால் நீ வந்தாகவேண்டும். வந்து, மூன்று பேரும் உட்கார்ந்து, உன் வாயால் அவனுக்குச் சொல். செத்துப்போய்விட்டது என்றே சொல், தவறிவிட்டது என்று சொன்னால் எங்கே தவறியது, தேடுவோம் என்பான். உன் மகன், கட்டாயம் சொல்வான். தேர் முடிந்ததும் இரண்டு பேரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டு. கோமதி என்ன செய்வாள் என்று கேட்காதே. அழுவாள், உட்காருவாள், இல்லை ஒன்றும் செய்யாமல் திரும்புவாள். அது அவள் இஷ்டம். லீவு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் உன் கிடங்குத் துரைக்கு நானே தந்தி கொடுப்பேன், ‘தாய் கவலைக்கிடம்’ என்று. பொய் இல்லை. கவலையில்தான் கிடக்கிறேன். பாதிரியம்மா பள்ளியில் படித்தது வேறு எதற்கு?

இதை எழுதும்போது சின்னவன் வந்து என் முழங்கையில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். “யாருக்கு ஆச்சி எழுதுத?” என்றான். ஒங்கய்யாவுக்கு என்றேன். “வரும்போது மதுரைக்குப் போயி பாப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லு” என்கிறான். இந்த வரியை அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் புறப்படு. வேறு ஒன்றும் வாங்கிவர வேண்டாம். துண்டை மட்டும் தூத்துக்குடியிலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு வா.